பார்த்தாச்சு என்று எழுதுகிறவள்

நான் என் வாழ்க்கையில் ஒரே ஒருவரைத்தான் அடித்திருக்கிறேன். எவர்சில்வர் தண்ணீர் ஜக்கால், இடது காதுக்கு மேலே. ஜக் நிறையத் தண்ணீர் இருந்ததால் அடி கனமாக விழுந்தது. சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம் ஓர் உணவுக்கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஒரு கணினி மென்பொருளைப் பற்றிப் பேசுவதற்காக நாங்கள் கூடியிருந்தபோது இது நடந்தது. என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். லிஃப்டுக்குள் ஆட்கள் இருந்தால் கைப்பையில் எதையோ தேடுவதுபோல நின்று, அடுத்த லிஃப்டில் ஏறுகிறவள் நான்.

உபி தொழிற்பேட்டையில் ஒரு பெயர்ப்பலகைப் பட்டறையில் ரூட்டர் மெஷின் ஓட்டுகிறேன். பள்ளிக்கூடம் முடித்ததும் எழுத்துகளுக்குப் பசை தடவும் வேலைக்குச் சேர்ந்தவள். மெஷின் வந்தபோது வேறு யாரும் அதன் பக்கம் போகப் பயந்தார்கள், என்னை அதில் நிறுத்திவிட்டார்கள். கட்டில் அளவுக்கு ஒரு மேசை. அதன் மேல் பாலம்போல ஓர் இரும்புச் சட்டம் முன்னும் பின்னும் ஓடும். சட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் மோட்டாரின் நுனியில் ஓர் எஃகு பிட் சுழலும். அலுமினியத் தகட்டை வெண்ணெய்போல வெட்டும் என்றார் விற்க வந்தவர். வெண்ணெய்போலவா? அது கடிக்கும். தகட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்தால் போதும், தகட்டையே பிடுங்கி வீசும். ஒருமுறை பிட் உடைந்து என் கன்னத்தை உரசிக்கொண்டு போய், பின்னாலிருந்த பலகைச் சுவரில் குத்தி நின்றது. இடுக்கி போட்டு இழுத்தும் வரவில்லை. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் நகைக்கடை வாசல்களில் பளபளவென்று நிற்கும் எழுத்துகளைப் பார்த்தால், அவற்றை வெட்டியெடுத்தபோது அந்த மெஷின் போட்ட அலறல்தான் எனக்குக் கேட்கும்.

எந்த இடத்துக்குப் போக வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்ல ஒரு மென்பொருள் தேவை. நாங்கள் பயன்படுத்துவது இலவசம். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதி, விருப்பமுள்ளவர்கள் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் விட்டது. பிறகு அவர் காணாமல் போய்விட்டார். எத்தனையோ ஊர்களில் சின்னச் சின்னப் பட்டறைகள் அதை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. சம்பளம் எதுவும் இல்லாமல் அதைப் பார்த்துக்கொள்ளச் சிலர் முன்வந்தார்கள். அவர்களில் மூன்று பேர் சிங்கப்பூரில் இருந்தோம். மூவரும் தமிழர்கள் என்பது பேசிப் பழகிய பிறகுதான் தெரிந்தது. அவரவர் வீட்டுப் பக்கத்து எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பெயரையே ஒருவருக்கொருவர் பெயராக வைத்துக்கொண்டோம்.

பொங்கோல்காரர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், ஒரு பெரிய கம்பெனியில் கணினி வேலை. எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர் மாதிரி. செங்காங்காரர் இங்கேயே பிறந்தவர். அவருடைய தாத்தா தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து கப்பலில் வந்து லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்தவர். இவர் துணிப்பக்கம் போகாமல் ஒரு தொழிற்பள்ளியில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறார். மூன்றாவது நான். ஆங்கிலத்தில் இருந்த உதவிப் பக்கங்களைப் படிக்கத் திணறி, எங்கள் பட்டறைக்கு வரும் தமிழ்நாட்டு ஆட்களுக்காகத் தமிழில் எழுதிவைத்திருந்தேன். அதை அனுப்பப் போய் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்து எழுதிப் போட்டால் போதும், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்றுதான் ஒப்புக்கொண்டேன். மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம் என்பதைப் பிறகுதான் சொன்னார்கள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தான் செய்த மாற்றத்தை யாரும் தானே சேர்த்துவிடக் கூடாது. இன்னொருவர் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, அடியில் ‘பார்த்தாச்சு’ என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் அது உள்ளே போகும். மற்ற இரண்டு பேரும் அவசரமென்றால் கண்ணால் மேய்ந்துவிட்டு எழுதிவிடுவார்கள். நான் அப்படி எழுதியதில்லை. என் மெஷினில் போட்டு ஓட்டிவிட்டுத்தான் எழுதுவேன். “அக்கா பார்த்தாச்சு போட்டா கல்வெட்டு லா,” என்று செங்காங்காரர் கேலி செய்வார். கேலிதான். ஆனால் வேறெங்கும் என்னை யாரும் அப்படி நம்பியதில்லை.

இன்னொரு வழக்கம், உதவிப் பக்கங்களில் யார் பெயரையும் போடுவதில்லை. எல்லாம் எல்லோருடையது. பக்கத்தின் கடைசியில் நாங்கள் கூடும் இடத்தையும் நேரத்தையும் போட்டு, ‘யாரும் வரலாம்’ என்று எழுதியிருந்தோம்.

அந்த இரண்டு ஆண்களுக்கும் தீராத சண்டை ஒன்று இருந்தது. மெஷினுக்குக் கொடுக்கும் கட்டளையில் மென்பொருளுக்குத் தெரியாத ஒரு சொல் வந்தால், அது அந்தச் சொல்லை வாய்பேசாமல் தூக்கிப் போட்டுவிட்டு மேலே வேலையைத் தொடரும். தெரியாத சொல் வந்தால் அசையாமல் நிற்க வேண்டும் என்பது செங்காங்காரரின் கட்சி. அப்படி நிறுத்தினால், பழைய பட்டறைகள் எழுதிவைத்திருக்கும் கட்டளைகளில் வேண்டாத சொற்கள் எத்தனையோ கிடக்கின்றன, ஒரே நாளில் அத்தனை மெஷின்களும் முடங்கிவிடும், ஆட்கள் நம்மைக் கிழித்துவிடுவார்கள் என்பது பொங்கோல்காரரின் கட்சி. செங்காங்காரர் அதற்கான மாற்றத்தை எழுதியே போட்டார். பொங்கோல்காரர் அதை நிராகரித்தார். ஊரெல்லாம் படிக்கும் இடத்தில் இருவரும் எழுதிக்கொண்டதை இங்கே எழுத என் கை வராது. நேரில் சந்தித்தால் இன்னும் மோசம். ஒரு ஞாயிறு செங்காங்காரர் தே ஓ இருந்த கிளாஸை, பாலில்லாத டீயோடு, சுவரில் எறிந்தார். கடைக்காரர் மேலே வந்து, இனிமேல் உங்களுக்குப் பிளாஸ்டிக் கப்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீருக்கு எவர்சில்வர் ஜக் வந்ததும் அதனால்தான், முன்பு கண்ணாடி ஜக் இருந்தது.

இதற்கிடையில் புதிதாக ஒரு வசதி வந்தது. ‘வெறும் ஓட்டம்’ என்று பெயர். கட்டளையோடு ஒரு சொல்லைச் சேர்த்தால், பிட் எந்த வழியாகப் போகும் என்பதைத் திரையில் மட்டும் காட்டும். மெஷின் நகராது. செங்காங்காரர் எழுதினார். பொங்கோல்காரர் பார்த்தார். நான் என் மெஷினில் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, தமிழில் உதவிப் பக்கம் எழுதினேன். அதை அவர்கள் இருவரும் பார்த்து, பார்த்தாச்சு போட்டார்கள். ‘வெறும் ஓட்டத்தின்போது மெஷின் அசையாது. பயமில்லாமல் கிளாம்ப்புகளைச் சரிபார்க்கலாம்.’ அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது இதுதான்.

எழுதியதில் பொய் இல்லை. பார்த்தாச்சு விழுந்த அந்த நிமிடமே உதவிப் பக்கம் இணையத்தில் ஏறிவிடும். மென்பொருள் அப்படி இல்லை. பல மாற்றங்களைச் சேர்த்துவைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறைதான் புதிய பதிப்பாக வெளியிடுவோம். எங்கள் மூவரின் கணினியிலும் புதியது இருந்தது. உலகத்தில் மற்ற யாரிடமும் இல்லை. அவர்களிடம் இருந்த பழையதற்கு ‘வெறும் ஓட்டம்’ ஒரு தெரியாத சொல். தெரியாத சொல்லை அது தூக்கிப் போட்டுவிடும்.

சுங்கை காடுட்டில் ஒரு மரச்சாமான் பட்டறையில், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படித்தார். சொல்லைச் சேர்த்தார். மெஷின் அசையாது என்று நம்பி, கிளாம்ப்பை இறுக்க இடது கையை மேசைமேல் வைத்தார். இரும்புச் சட்டம் பாய்ந்து வந்தது. பிட் முதலில் கையுறையைப் பிடித்தது. கையுறை அதில் சுற்றிக்கொண்டது. கையுறை போன பக்கம் கையும் போனது. பக்கத்தில் இருந்தவர் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடிப்பதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது.

அந்த ஞாயிறு மாடியில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். கீழே தெருவில் கூட்டம் நெரிந்தது. படியேறி ஒருவர் வந்தார். நல்ல உயரம், இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் வெல்டிங் பொறி பட்ட புள்ளிப் புள்ளித் தழும்புகள். இங்கேதான் மீட்டிங்கா என்று கேட்டார். புது ஆள் வந்திருக்கிறார் என்று எங்களுக்குச் சந்தோஷம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். பொங்கோல்காரர் அவருக்கும் ஒரு தே சொன்னார். எங்கே வேலை என்று கேட்டதற்கு, கப்பல் யார்டில் என்றார். பொங்கோல்காரருக்கு யாராவது கேட்க உட்கார்ந்தால் போதும், மென்பொருளின் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார். வந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார். தேயைத் தொடவில்லை. பிறகு கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் என் பக்கம் இருந்தது.

“இத எழுதினது யாரு சார்?”

“நாங்க எல்லாரும் சேர்ந்துதான்,” என்றார் பொங்கோல்காரர். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“எல்லாருமா?”

“ஆமாங்க. தனியா ஒருத்தர் எழுதறது இல்ல இங்க.”

“அப்ப நான் யாரை சார் அடிக்கறது?”

செங்காங்காரர் சிரித்துவிட்டார். ஜோக் என்று நினைத்துவிட்டார். வந்தவர் சிரிக்கவில்லை. தன் தம்பிக்கு நடந்ததை, ஏதோ வழி சொல்வதுபோல, ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னார். மெஷின், கையுறை, விரல்கள். தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவன் கவனமில்லாமல் கையை விட்டுவிட்டான் என்று கம்பெனியில் பேசுகிறார்கள். அவன் இந்தப் பக்கத்தைக் காட்டி, இதில் இருந்தபடிதான் செய்தேன் என்று அழுகிறான். அடியில் ‘யாரும் வரலாம்’ என்று போட்டிருந்தது, வந்தேன் என்றார்.

என்ன நடந்திருக்கிறது என்பது எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும். பொங்கோல்காரர்தான் வாயைத் திறந்தார்.

“எந்த வெர்ஷன் வெச்சிருந்தாரு?”

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் எந்த ஊரிலிருந்து எந்தப் புகார் வந்தாலும் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி அது. வாயில் தானாக வந்துவிடும். எனக்கும் அதுதான் வந்திருக்கும், நான் பேசுகிறவளாக இருந்தால்.

முதல் குத்து பொங்கோல்காரரின் வாயில் விழுந்தது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்து தரையில் தலை மோதிய சத்தம் கேட்டது. செங்காங்காரர் பாய்ந்து பின்னாலிருந்து பிடித்தார். வந்தவர் முழங்கையை மடக்கி அவர் வயிற்றில் ஒன்று கொடுத்தார். செங்காங்காரர் மேசையைக் கவிழ்த்துக்கொண்டு விழுந்து, மூச்சு வராமல் மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடினார். மடிக்கணினிகள் தரையில் சிதறின. தே என் காலில் கொட்டியது. வந்தவர் பொங்கோல்காரரின் மார்பில் ஏறி உட்கார்ந்து முகத்தில் மாறி மாறிக் குத்தினார். கத்தவில்லை, திட்டவில்லை. ஆணி அடிப்பதுபோல ஒரே சீராகக் குத்தினார். பிறகு இரண்டு கைகளும் கழுத்துக்குப் போயின. பொங்கோல்காரரின் செருப்புக் கால்கள் தரையில் உதைத்துக்கொண்டன. எனக்கு மெஷின்தான் ஞாபகம் வந்தது. நடுவில் நிற்காது, யாராவது சிவப்புப் பொத்தானை அடிக்க வேண்டும்.

ஜக் பக்கத்து மேசையில் இருந்தது. இரண்டு கையாலும் தூக்கி அடித்தேன்.

அவர் பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்தார். தண்ணீர் அவர் தலையிலிருந்து வழிந்தது, அதோடு ரத்தமும். காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அதுவரை நான் அங்கே இருப்பதை அவர் கவனித்திருக்கவே இல்லை என்று நினைக்கிறேன். “அக்கா,” என்று மட்டும் சொன்னார்.

செங்காங்காரருக்கு மூச்சு திரும்பி, தவழ்ந்து போய்ச் சன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். “மாத்தா வராங்க லா,” என்றார். கடைக்காரர் போலீஸைக் கூப்பிட்டிருந்தார்.

அப்போதுதான் வந்தவரின் முகம் உடைந்தது. “என் பெர்மிட் போயிடும்,” என்றார், யாரிடம் என்றில்லாமல். “ஜெயில்ல போட்டுட்டு ஊருக்கு அனுப்பிடுவாங்க. தம்பி அங்க தனியா கெடக்கான். சட்டை மாட்டிவிடக்கூட ஆளில்ல.”

பொங்கோல்காரர் எழுந்து உட்கார்ந்து டிஷ்யூவில் ரத்தத்தைத் துப்பினார். உதடு பிளந்திருந்தது. ஒரு கண் மூடிக்கொண்டுவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் எதிரில் இருப்பவரின் பிழைப்பு முடிந்தது. சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. செங்காங்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே அவரிடம் குனிந்தார்.

“அண்ணே, தெரியாத சொல்லுக்கு நிக்க வெச்சிருந்தா இது நடந்திருக்காது. அந்த மொத குத்து நான் குடுத்ததுன்னு நெனச்சுக்கங்க. ரொம்ப நாளா குடுக்கணும்னு இருந்தேன்.”

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

ஒரு மலாய்ப் பெண் அதிகாரியும் ஒரு சீன இளைஞரும் வந்தார்கள். கவிழ்ந்த மேசையையும் ரத்தத்தையும் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். பொங்கோல்காரர் வீங்கிய வாயால் மெதுவாகச் சொன்னார். தரையில் தண்ணீர் கொட்டியிருந்தது, வழுக்கி மேசைமேல் விழுந்தேன், மேசையோடு நண்பரும் விழுந்தார், இவர் எங்களைப் பிடிக்க வந்து தலையில் இடித்துக்கொண்டார். தண்ணீர் என்னவோ உண்மையாகவே தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நம்பவில்லை. சின்னப் பிள்ளைகூட நம்பாது. அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில், உடம்பில் காயமில்லாத ஒரே ஆளான என்னிடம் வந்தாள். ஆன்ட்டி, நீங்கள் பார்த்தீர்களா?

நசுங்கிய ஜக் இன்னும் என் கையில் இருந்தது. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். வந்தவரின் காதிலிருந்து ரத்தம் இஸ்திரிச் சட்டையின் காலரில் சொட்டிக்கொண்டிருந்தது.

பார்த்தேன் என்றேன். அப்படித்தான் நடந்தது என்றேன்.

ஓட்டிப் பார்க்காமல் நான் கொடுத்த ஒரே பார்த்தாச்சு அதுதான். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

புகார் கொடுக்க விருப்பமில்லையா என்று பொங்கோல்காரரிடம் மறுபடி கேட்டார்கள். இல்லை என்றார். எங்கள் அடையாள விவரங்களை எடுத்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, தரையைத் துடைக்கச் சொல்லிக் கடைக்காரரைக் கடிந்துகொண்டு இறங்கிப் போனார்கள்.

வந்தவர் போகவில்லை. நன்றி, மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. ஒரு துணியைக் காதில் அழுத்திக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து, “இப்ப என்ன பண்ணப் போறீங்க?” என்றார்.

முதலில் நான் அந்தப் பக்கத்தை இறக்கினேன். இரண்டு மூன்று தடவை தப்பாகத் தட்டினேன். செங்காங்காரர் திரையில் விரிசல் விட்ட மடிக்கணினியைத் திறந்து, எப்போதோ நிராகரிக்கப்பட்ட தன் பழைய மாற்றத்தை மறுபடி போட்டார். பொங்கோல்காரர் கண்ணில் ஐஸை அழுத்திக்கொண்டு, திறந்திருந்த மற்ற கண்ணால் அதை வரிவரியாகப் படித்தார். ஓர் இடத்தில், இது தப்பு, இப்படி எழுதினால் பாதி வழியில் நின்றுவிடும், நகர ஆரம்பிக்கும் முன்பே நிற்க வேண்டும் என்றார். மறுபடி இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. வந்தவர் நாற்காலியிலிருந்து லேசாக எழுந்தார். இருவரும் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பார்த்தாச்சு போட வேண்டியவள் நான். அங்கேயே போட்டுவிடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். திங்கள் காலை பட்டறைக்குப் போய், மேசையில் ஒரு பழைய அலுமினியத் தகட்டை இறுக்கி, கட்டளையில் அர்த்தமில்லாத ஒரு சொல்லைச் சேர்த்தேன். ஒரு கையைச் சிவப்புப் பொத்தானில் வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னேன். மோட்டார்கூடச் சுழலவில்லை. இன்னொரு சொல், வேறொரு சொல், தமிழில் ஒரு சொல். எதற்கும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் எழுதினேன். அன்றைக்கே புதிய பதிப்பு வெளியே போனது. எந்த உதவிப் பக்கத்தைத் திறந்தாலும் அது எந்தப் பதிப்புக்கு உரியது என்று முதல் வரியில் பெரிதாக நிற்கும்படி செய்தோம்.

பொங்கோல்காரர் பயந்தபடியே நடந்தது. எங்கெங்கோ இருந்த மெஷின்கள் நின்றுவிட்டன. வசவுகள் கொட்டின. குடும்பத்தை இழுத்தார்கள். உங்களைத் தேடி வந்து எலும்பை உடைப்பேன் என்று ஒருவர் எழுதினார். ‘யாரும் வரலாம்’ என்ற வரியை எடுத்துவிடலாமா என்று செங்காங்காரர் கேட்டு எழுதினார். பொங்கோல்காரர் அடியில் வேண்டாம் என்று எழுதினார். ஒவ்வொரு வசவுக்கும் அவரே உட்கார்ந்து பொறுமையாகப் பதில் எழுதினார், கட்டளையில் எந்தச் சொல்லை எடுக்க வேண்டும் என்று. எந்தப் பதிப்பு என்று மட்டும் இப்போதெல்லாம் அவர் கடைசியில்தான் கேட்கிறார்.

யார்டுக்காரர் யார்டிலேயே இருக்கிறார். தம்பிக்குக் காயம் ஆறி, அதே கம்பெனியில் ஸ்டோரில் வேலை கொடுத்திருக்கிறார்கள். சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு இருவரும் மாடியேறி வந்தார்கள். தம்பி இடது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நின்றார். புதியது தெரியாத சொல்லுக்கு உண்மையாகவே நிற்கிறதா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் தம்பி. செங்காங்காரர் மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினார். தம்பி வலது கையால் தானே ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு சொல். கெட்ட வார்த்தை ஒன்றைத் தட்டினார். அதற்கும் நின்றது. அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன்.

அண்ணனுக்குக் காதின் மேல் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் மேசையில் இருந்த நசுங்கிய ஜக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வேணாங்க்கா,” என்றார். “நான் பாட்டில் கொண்டுவந்திருக்கேன்.”